முறைப்பாடும் காட்டிக்கொடுத்தலும்: நகரவாழ்வின் ஓர் அறவியற் சிக்கல்

அயல்வீட்டார் ஒருவர் மாநகர சபையின் அனுமதி பெறாது தமது வீட்டின் மேல் இன்னொரு மாடியை எழுப்புகின்றார். மற்றொருவர் எல்லை மதிலை ஒழுங்கைக்குள் ஒரு முழம் நகர்த்துகின்றார். வேறொருவர் தமது கழிவுநீரை இரவில் பொது வடிகானுள் திறந்துவிடுகின்றார். அடுக்குமாடியொன்றின் படிக்கட்டடி அடைக்கப்பட்டுக் களஞ்சிய அறையாக வாடகைக்கு விடப்படுகின்றது. இவற்றைக் காணும் மனிதன் யாது செய்தல் வேண்டும்? உரிய அதிகாரிக்கு அறிவித்தல் அவனது கடமையா, அன்றி அயலவனைக் காட்டிக்கொடுக்கும் இழிசெயலா? சிறியதெனத் தோன்றும் இவ்வினா, கொழும்பு மாநகரில், சிறப்பாக வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ் மக்களைப் பொறுத்தவரை, அறவியலின் அடிப்படையான சிக்கல்கள் சிலவற்றை உள்ளடக்கி நிற்கின்றது.

இவ்வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுகின்றன. சட்டம் சட்டமே, அதனை மீறுவோரை அறிவித்தல் குடிமகன் ஒவ்வொருவனதும் கடன் என்பது ஒன்று. அயலோடு பகைத்து வாழ்தல் இயலாது. நமக்கேன் வீண்வம்பு என்பது மற்றையது. முதலாவது விடையை மேடையில் கூறுகின்றோம். இரண்டாவதனை வீட்டில் கடைப்பிடிக்கின்றோம். மேடையில் ஒன்றும் வீட்டில் மற்றொன்றுமாக ஒரு சமுதாயம் ஒழுகுமாயின், அவ்விரு விடைகளுமே நன்கு ஆராயப்படாதவை என்று கருத இடமுண்டு. அவற்றை ஆராய்ந்து, முறைப்பாடு எந்நிலையில் அறமாகின்றது, எந்நிலையில் அறம் பிறழ்கின்றது என்பதைத் தெளிவுபடுத்த முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், நகர விதிகள் எதற்காகத் தோன்றின என்பதை நோக்குதல் வேண்டும். இலங்கையில் பொதுத்தொல்லைகள் பற்றிய கட்டளைச் சட்டம் 1862 இல் இயற்றப்பட்டது. கொழும்பு மாநகர சபை 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியாகத் தோன்றியது. 1914 இல் பிளேக் என்னும் கொள்ளைநோய் கொழும்பை வந்தடைந்தது. அதற்கு மறு ஆண்டிலே, 1915 இன் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. பின்னர் 1978 இன் 41 ஆம் இலக்கச் சட்டத்தினால் நகர அபிவிருத்தி அதிகார சபை அமைக்கப்பட்டது. அனுமதி பெற்றே கட்ட வேண்டும், கட்டி முடிந்த பின் இணக்கச் சான்றிதழ் பெற்றே குடிபுக வேண்டும் என்னும் இன்றைய நடைமுறைகள் இத்தகைய சட்டங்களின் வழிவந்தவை. வெளிச்சம், காற்றோட்டம், திறந்தவெளி, தீயிலிருந்து தப்பும் வழி என்பனவே இவற்றின் உட்பொருள். எனது சாளரத்தினுள் வரும் வெளிச்சம் என்னால் ஆக்கப்பட்டதன்று. அயலவர் தமது சுவரை ஓர் எல்லையில் நிறுத்திக்கொண்டமையால் எனக்குக் கிடைத்தது. அவ்வாறே அவரது வெளிச்சம் எனது அடக்கத்தினால் அவருக்குக் கிடைக்கின்றது. எனவே நகர விதி என்பது, ஒருவரையொருவர் அறியாத மக்கள் தமக்குள் செய்துகொண்ட வாக்குறுதிகளின் தொகுப்பு எனலாம். அன்றியும், பரிசோதகர் முன்வாயிலைக் காண்பார். பின்மதிலைக் காண்பவர் அயலவர் மாத்திரமே. ஆகவே, அயலவர் வாய்திறப்பர் என்னும் எதிர்பார்ப்பு இச்சட்டங்களுக்குள்ளேயே பொதிந்து கிடக்கின்றது.

இனி, நாம் எடுத்துக்கொண்ட இரு பகுதிகளின் இயல்பையும் சுருக்கமாகக் காண்போம். கொட்டாஞ்சேனை துறைமுகத்தை அண்டி வளர்ந்த பழைய பகுதி. கோயில்களும் தேவாலயங்களும் வணிக நிலையங்களும் நிறைந்த வீதிகளின் பின்னே, முடுக்குகளுக்குள், தோட்டங்கள் என வழங்கும் வரிசைக் குடியிருப்புகள் உள்ளன. ஒரு சுவரை இரு குடும்பங்களும், ஒரு நீர்க்குழாயைப் பல குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளும் வாழ்வு அங்கு தலைமுறை தலைமுறையாக நிலவி வந்துள்ளது. வெள்ளவத்தையோ முற்றமும் மாமரமும் கொண்ட தனிவீடுகளின் ஊராக நெடுங்காலம் இருந்தது. 1983 இன் பின்னரும், தொடர்ந்த போர்க்காலத்திலும், வடக்கிலும் கிழக்கிலுமிருந்து இடம்பெயர்ந்து வந்தோரும், வெளிநாடு செல்லக் காத்திருந்தோரும் அங்கு குடியேறினர். காலி வீதிக்கும் கடலுக்குமிடையே ஒடுங்கிய ஒழுங்கைகளில், ஒரு வீடு நின்ற வளவில் பல குடும்பங்கள் வாழும் தொடர்மாடிகள் எழுந்தன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தில், வயது முதிர்ந்த பெற்றோர் அவற்றை வாங்கினர். ஒரு குடும்பத்துக்கென இடப்பட்ட வடிகானும் ஒரு வண்டிக்கென அமைந்த ஒழுங்கையும் பல மடங்கு சுமையைத் தாங்க வேண்டியனவாயின. இத்தகைய நெருக்கத்தில் ஒருவரது மீறல் மற்றொருவரைத் தொடாது போதல் அரிது.

ஆயினும் இவ்விரு பகுதிகளிலும் வாழும் தமிழர் முறைப்பாடு செய்யத் தயங்குகின்றனர். இத்தயக்கத்தை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1983 யூலையில் வன்செயலாளர் வாக்காளர் இடாப்புகளைக் கையிலேந்தித் தமிழர் வீடுகளைத் தேடிவந்தனர் என்பது பலராலும் பதிவுசெய்யப்பட்ட செய்தி. போர்க்காலத்தில் வீடுதோறும் வசிப்போரின் பெயர்களைப் பொலிசில் பதியவேண்டியிருந்தது. இன்னாரது வீட்டில் புதிதாக ஒருவர் வந்து தங்கியுள்ளார் என்னும் ஒரு சொல், ஓர் இளைஞனின் விடுதலையைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. 2007 யூன் 7 ஆம் நாள், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய பகுதிகளின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளையினால் அதனைத் தடுத்தது. அன்றைய பிரதமரும் அச்செயலுக்கு வருத்தம் தெரிவித்தார். இவ்வனுபவங்களினூடாக வந்த ஒரு மக்கட் கூட்டத்தின் மொழியில், காட்டிக்கொடுத்தல் என்னும் சொல்லுக்கு ஏனைய இடங்களில் இல்லாத கனம் ஏற்பட்டதில் வியப்பில்லை. வாயை மூடியிருத்தல் அங்கே பண்பாக, ஏன், ஒருவரையொருவர் காக்கும் அறமாகவே இருந்தது. வெள்ளவத்தை முதியவர் ஒருவர் அடுத்த வீட்டின் அனுமதியற்ற மாடியைக் கண்டும் காணாதவர்போல் இருப்பாராயின், அந்த மௌனத்தினுள் இவ்வரலாறும் இருக்கின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும், ஒரு காலத்தில் உயிரைக் காத்த மௌனம் வேறொரு காலத்தில் உயிரைப் பறிக்கவும் கூடும். 2017 மே 18 ஆம் நாள் வெள்ளவத்தையில், சவோய் திரையரங்கை அண்டிய பகுதியில், பல மாடிக் கட்டடமொன்று இடிந்து வீழ்ந்தது. உயிரிழப்பு நேர்ந்தது, பலர் காயமுற்றனர். நகரிலுள்ள அனுமதியற்ற கட்டடங்கள் பற்றிய வினாக்கள் அதன் பின்னரே உரத்துக் கேட்கப்பட்டன. அவ்வாண்டிலேயே நாடெங்கும் 186,000 இற்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளாயினர். 400 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். நுளம்பு பெருகும் வகையில் வளவை வைத்திருத்தல் 2007 இன் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றமாகும். பூட்டிக்கிடக்கும் வீட்டின் மொட்டைமாடியில் தேங்கிய நீரைக் காணக்கூடியவர் அடுத்த மாடியில் வாழ்பவரே. அவர் அறிவியாதுவிடின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அறிவதற்கு வழியில்லை. நுளம்புக்கோ எல்லை மதில் ஒரு தடையன்று. இங்கே மௌனத்தினால் காக்கப்படுபவர் வீட்டுக்காரர். அதற்கு விலை கொடுப்பது பக்கத்து வீட்டுப் பிள்ளை. மௌனம் நடுநிலையானது என்னும் எண்ணம் இவ்விடத்து உடைந்துபோகின்றது. பேசாதிருத்தலும் ஒரு செயலே. அதற்கும் விளைவு உண்டு. அவ்விளைவுக்குப் பொறுப்பும் உண்டு.

அவ்வாறாயின், காட்டிக்கொடுத்தலுக்கும் முறைப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? இதனை விளக்க நமது காப்பியமரபிலேயே தக்க சான்று உண்டு. சிலப்பதிகாரத்தில் மதுரை மன்னனிடம் இருவர் செய்தி கொண்டு செல்கின்றனர். ஒருவன் பொற்கொல்லன், மற்றையவள் கண்ணகி. பொற்கொல்லன் தனிமையில், அரசி ஊடியிருக்கும் வேளை பார்த்துச் செல்கின்றான். அவன் கூறுவது ஒரு மனிதனைப் பற்றி. தனது களவை மறைத்தற்பொருட்டு. கூறப்பட்டவன் அவ்விடத்தில் இல்லை. விடையளிக்க அவனுக்கு வாய்ப்பும் இல்லை. மன்னன் ஆராயவில்லை. கண்ணகியோ வாயிலில் நின்று தன் வருகையை அறிவித்து, அவையின் முன்னே, தான் இன்னாள், இன்ன ஊரினள், இன்னவன் மனைவி என்று கூறி, சிலம்பை உடைத்துக் காட்டுகின்றாள். அவள் குற்றஞ் சாட்டுபவன் அவள் முன்னிலையிலேயே வீற்றிருக்கின்றான். அவனுக்குப் பேச இடமுண்டு. அவன் பேசவும் செய்கின்றான். இருவரும் ஒரே அரசனிடம் ஒரே சிலம்பைப் பற்றியே பேசினர். ஆயினும் முதலாவது காட்டிக்கொடுத்தல், இரண்டாவது முறைப்பாடு.

இவ்வொப்பீட்டிலிருந்து சில அளவுகோல்களைப் பெறலாம். காட்டிக்கொடுத்தல் ஆளைச் சுட்டுவது. முறைப்பாடு செயலைச் சுட்டுவது. முன்னையது மறைவில் நிகழ்வது. பின்னையது வெளிச்சத்தில் நிற்கக்கூடியது. முன்னையதில் மற்றவர்க்கு விடைகூற இடமில்லை, பின்னையதில் உண்டு. முன்னையது ஒருவரை அதிகாரத்தின் கையில் ஒப்படைப்பதுடன் முடிந்துவிடுகின்றது. பின்னையது தீங்கு நீங்கும்வரை முடிவதில்லை. போர்க்காலத்தில், இன்ன வீட்டில் இன்னார் இருக்கின்றார் என்று கூறப்பட்டபோது, அங்கு சுட்டப்பட்டது யாதொரு செயலுமன்று. ஒருவர் யார் என்பதே. அனுமதியற்ற மாடி பற்றிய முறைப்பாட்டிலோ, கட்டியவர் தமிழரா, சிங்களவரா, முஸ்லிமா என்பது பொருளற்றது. தூண் தாங்குமா, தாங்காதா என்பதே பொருள். இவ்வேறுபாட்டை நாம் இழந்துவிட்டோமெனில், நமக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளின் இயல்பையே சரிவரப் புரிந்துகொள்ளத் தவறியவர்களாவோம்.

திருக்குறள் புறங்கூறாமையைத் தனியோர் அதிகாரமாக அறத்துப்பாலில் வைத்துள்ளமை இங்கு நினைவுகூரத்தக்கது. முகத்துக்கு நேரே கூறவேண்டியதை முதுகுக்குப் பின்னே கூறுதலே புறங்கூறல். இதிலிருந்து நடைமுறைக்கு உகந்த ஒரு கடமை பிறக்கின்றது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதவிடத்து, மாநகர சபைக்கு எழுதுவதற்கு முன்னர் அயலவரின் கதவைத் தட்டுதல் வேண்டும். "உங்கள் நீர்த்தொட்டி எங்கள் சுவரை நனைக்கின்றது" என்று நேரில் கூறப்பட்ட சொல், பலவேளைகளில் கோரிக்கைக் கடிதம் தராத பயனைத் தரும். அவர் அறியாமலே செய்திருக்கவும் கூடும். ஒப்பந்தகாரர் அவரை ஏமாற்றியிருக்கவும் கூடும். சிறு பிணக்குகளைத் தீர்க்க 1988 இன் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்வழி மத்தியஸ்த சபைகளும் உள்ளன. கதவு தட்டப்பட்டும் திறக்கப்படாதபோது எழுதப்படும் கடிதம் புறங்கூறலாகாது. ஏனெனில், கூறவேண்டியது முன்னரே முகத்துக்கு நேரே கூறப்பட்டுவிட்டது.

இனி, முறைப்பாடு செய்வோரின் உள்ளக்கிடக்கை பற்றிய ஐயமொன்று எழும். பழைய காணித் தகராறு, சாதிச் செருக்கு, அயலவரின் உயர்வைக் கண்ட பொறாமை முதலியன பல முறைப்பாடுகளின் பின்னே மறைந்துள்ளன அல்லவா? உண்டு. இது புதியதுமன்று. பண்டைய ஏதென்சில் பொதுத்தீங்கு தொடர்பாக விரும்பிய குடிமகன் எவனும் வழக்குத் தொடரலாம் என்னும் உரிமை இருந்தது. பாதிக்கப்பட்டவன் வலியற்றவனாயின் பிறர் அவனுக்காகப் பேசவேண்டும் என்னும் உயர்ந்த எண்ணம் அதன் அடிப்படை. ஆயின் அதே உரிமையைப் பயன்படுத்தி, வழக்குத் தொடுப்பதாக அச்சுறுத்திப் பணம் பறிக்கும் ஒரு கூட்டமும் தோன்றியது. ஏதென்சு அவ்வுரிமையை ஒழித்துவிடவில்லை. நடுவர் வாக்குகளில் ஐந்திலொரு பங்கையேனும் பெறாத வழக்காளிக்கு ஆயிரம் திராக்மா தண்டம் விதித்தது. இதிற் பொதிந்த சிந்தனை ஆழமானது. உள்ளக்கிடக்கையை அளக்க எந்த மன்றத்தாலும் இயலாது. சான்றை அளக்க இயலும். பொறாமையால் கூறப்பட்டாலும் விரிசல் விரிசலே. அன்பினால் மறைக்கப்பட்டாலும் அது விரிசலே. எனினும் முறைப்பாடு செய்பவர் தம்மைத் தாமே ஒரு வினா வினவிக்கொள்ளுதல் நன்று: இதே மீறலை எனது உறவினர் செய்திருப்பின் நான் எழுதியிருப்பேனா? இல்லை என்பதே விடையாயின், அவர் எழுதுவது மாடியைப் பற்றியன்று.

இதுவரை கூறியவற்றை ஏற்போரும் ஒரு கடினமான தடையை எதிர்கொள்ள வேண்டும். சட்டம் எல்லோர்மீதும் ஒரே கனத்துடன் விழுவதில்லை. வெள்ளவத்தையில் அனுமதியின்றி மாடி எழுப்பியவருக்கு வழக்கறிஞர் உண்டு. தண்டப்பணம் கட்ட வசதியும் உண்டு. கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில், மணமான மகளுக்கென முடுக்கின் ஓரத்தில் பலகையும் தகரமும் கொண்டு ஓர் அறை இறக்கியவருக்கு இவை எவையும் இல்லை. இருவரும் மீறியது ஒரே சட்டமாக இருக்கலாம். முறைப்பாட்டின் விளைவோ ஒன்றன்று. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகள் அங்கேயே இருந்தது. அக்காலத்தில் கொழும்பின் குடிசைப் பகுதிகளை அகற்றி, அங்கு வாழ்ந்தோரை அடுக்குமாடிகளுக்கு மாற்றும் திட்டங்கள் முடுக்கிவிடப்பட்டன. அனுமதியற்றது என்னும் ஒரு சொல், ஏழைகளைப் பொறுத்தவரை, முழு வாழ்விடத்தையும் இழப்பதற்கான காரணமாகலாம் என்பதை அவ்வாண்டுகள் காட்டின. எனவே, மீறலை மாத்திரம் நோக்குதல் போதாது. தீங்கையும் நோக்குதல் வேண்டும். பிறருக்கு ஆபத்து விளைக்கும் மீறல், இலாபத்துக்காகப் பொதுவெளியைக் கவரும் மீறல், வேறு வழியின்மையால் எழுந்த மீறல் ஆகிய மூன்றும் சட்டத்தின் ஏட்டில் ஒருங்கே இருக்கலாம். அறத்தின் ஏட்டில் அவை வேறுவேறாகும். மூன்றாவது வகையைக் கண்டவர் செய்யவேண்டியது பெயர் கொடுப்பதன்று. அம்மக்களுக்கு வீடு கேட்டு அவர்களோடு சேர்ந்து குரல் கொடுப்பது. ஆயின் ஏழ்மை ஆபத்தை இல்லாதொழிக்காது. தகர அறையின் மின்கம்பி தீப்பற்றும் நிலையிலிருப்பின், முதலில் எரிவது அவ்வறையில் உறங்கும் குழந்தையே. அங்கு மௌனம் இரக்கமாகாது.

முறைப்பாடு வெற்றிபெற்ற பின்னரும் அறவினா முடிந்துவிடுவதில்லை என்பதற்குக் கொட்டாஞ்சேனையே சான்று. அதனை அண்டிய புளூமெண்டால் பகுதியில் நகரின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டு மலையென உயர்ந்தது. அங்கு வாழ்ந்தோர் எதிர்ப்புத் தெரிவித்தனர், நீதிமன்றமும் தலையிட்டது, 2009 இல் அது நிறுத்தப்பட்டது. நீதியான முறைப்பாடு, நீதியான முடிவு. ஆயின் நகரின் குப்பை குறைந்துவிடவில்லை. அது கொலன்னாவைப் பிரதேசத்து மீதொட்டமுல்லைக்குச் சென்றது. அங்கும் ஏழைகளே வாழ்ந்தனர். அவர்களும் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். 2017 ஏப்பிரல் 14 ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, அக்குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொட்டாஞ்சேனை மக்கள் குற்றமற்றவர்கள். ஆனால், "எமது வாசலிலிருந்து அகற்றுக" என்னும் கோரிக்கைக்கும், "எவரது வாசலிலும் வேண்டாம்" என்னும் கோரிக்கைக்குமிடையே எத்துணைத் தொலைவு உள்ளது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. முதலாவதைக் கேட்டுக்கொண்டு அதிகாரம் அமைதியடைந்துவிடும். ஏனெனில் அது எளிது. இரண்டாவதையும் சேர்த்துக் கேட்கும்போதே முறைப்பாடு பொதுநலமாக முழுமை பெறுகின்றது.

இனி, முறைப்பாட்டைக் கேட்போரின் கடமையை நோக்குவோம். கன்றை இழந்த பசு மணியை அடித்து நீதி கேட்ட கதை சோழமரபில் வழங்குவது. கண்ணகி தன் ஊரின் பெருமையாக அதனையே பாண்டியன் முன்னர் எடுத்துரைக்கின்றாள். இதே கதையை மகாவம்சம் அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகின்றது என்பது நமக்குச் சிறப்பானது. அவனது படுக்கையின் தலைமாட்டில் மணி தொங்கியது. அதன் நீண்ட கயிறு வெளியே இருந்தது. நீதி வேண்டிய எவரும் அதனை இழுக்கலாம். அந்நூல் இன்னொரு நிகழ்ச்சியையும் கூறுகின்றது. ஒருமுறை எல்லாளனது தேரின் நுகம் பட்டுத் தூபியொன்று சிதைந்தது. அமைச்சர் அதனைச் சுட்டிக்காட்டினர். மன்னன் தேரிலிருந்து இறங்கி, தன் தலையை அத்தேர்ச் சக்கரத்தினாலேயே துணிக்குமாறு கூறினான். சிதைந்ததைச் செப்பனிட்டால் போதுமென அவர்கள் சொல்ல, சரிந்த பதினைந்து கற்களுக்குப் பதினையாயிரம் கார்சாபணம் செலவிட்டுச் செப்பனிட்டான். எதிரணியில் நின்ற மன்னன் ஒருவனைப் பற்றி அந்நூல் இவ்வாறு கூறுவது, நீதியின் இலக்கணம் இன எல்லையைக் கடந்தது என்பதற்கு நல்ல சான்று. மணியைக் கட்டியவன் தானும் அம்மணியின் நாவுக்கு உட்பட்டவன் என்பதே இதன் சாரம். அரச நிறுவனங்களே விதிகளை மீறிக் கட்டும்போதும், இலஞ்சம் பெற்ற கை முறைப்பாட்டுக் கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்துவிடும்போதும், மணியின் கயிறு அறுந்துவிடுகின்றது. இக்குறை நமது நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இலண்டனில் கிரென்பெல் தொடர்மாடியில் வாழ்ந்தோர் தீ அபாயம் குறித்துப் பலமுறை எழுத்தில் எச்சரித்திருந்தனர். 2017 யூன் 14 ஆம் நாள் மூண்ட தீயில் 72 பேர் மாண்டனர். அவர்கள் தமது கடனைச் செய்திருந்தனர். கேட்டோர் தமது கடனைச் செய்யவில்லை. மக்கள் வாய்திறப்பதில்லை எனக் குறைகூறும் அதிகாரி, வாய்திறந்தோருக்கு யாது நேர்ந்தது என்பதையும் கூறுதல் வேண்டும்.

இறுதியாகப் பெயர் பற்றிய சிக்கல். முறைப்பாடு வெளிச்சத்தில் நிற்கவேண்டும் என்றோம். ஆயின் தனித்து வாழும் மூதாட்டி ஒருவர், செல்வாக்குமிக்க கட்டட உரிமையாளருக்கு எதிராகத் தமது பெயரை எழுதிக் கையொப்பமிடல் வேண்டும் என வற்புறுத்துதல் அறமாகுமா? ஆகாது. வெளிப்படை என்பது வலியவருக்கு எளிது. வலியற்றவருக்கு அது ஓர் ஆபத்து. இதற்கு மொட்டைக்கடிதம் தீர்வாகாது. அதில் பொற்கொல்லனின் நிழல் விழுந்தே தீரும். தீர்வு கூட்டுக் கையொப்பத்தில் உள்ளது. தொடர்மாடி உரிமை பற்றிய 1973 இன் 11 ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும், தொடர்மாடியில் வாழ்வோர் தமக்கென முகாமைக் கூட்டுத்தாபனம் அமைத்துச் செயற்பட வழிசெய்துள்ளன. ஒழுங்கையொன்றின் இருபது வீட்டார் சேர்ந்து எழுதும் கடிதத்தில் எவரும் ஒளிந்துகொள்வதில்லை; எவரும் தனித்து நிற்பதுமில்லை. 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ஒரு கட்டடத்துக்கு அனுமதி வழங்கப்பட்டதா, முன்னர் அனுப்பிய கடிதம் என்னவாயிற்று என்று வினவவும் இயலும். யாரையும் குற்றஞ் சாட்டாமலே கேட்கக்கூடிய வினா இது. அன்றியும், அக்கடிதத்தைத் தமிழில் எழுதுதல் நமது உரிமை. தமிழும் அரச கரும மொழியென 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தினால் அரசியலமைப்பு ஏற்றுள்ளது. மொழி தெரியாமையால் வாயடைத்து நின்ற மக்கள், தமது மொழியில் எழுதி விடையும் பெறும்போது, அதிகாரத்தின் முன் அஞ்சிநின்ற நிலை மெல்ல மாறும்.

தொகுத்து நோக்குமிடத்து, அயலவரின் மீறலை அறிவித்தல் தன்னளவில் அறமுமன்று; மறமுமன்று. யாருடைய தீங்கை நீக்க, எதனைச் சுட்டி, எவ்வாறு, எதுவரை என்னும் வினாக்களுக்கான விடையே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றது. நமது முன்னைய தலைமுறையினர் கொழும்பில் வாழும் உரிமையையே அஞ்சி அஞ்சி அனுபவித்தனர். தங்கிச் செல்வோர் வடிகானைப் பற்றிக் கவலைகொள்வதில்லை. வாழ வந்தவரே கவலைகொள்வர். ஒழுங்கையின் அகலம் பற்றியும் படிக்கட்டின் திறவு பற்றியும் முறையிடுபவர், இந்நகர் தமக்கும் உரியது என்பதைத் தம் செயலால் உரைக்கின்றார். இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறையெடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் பலர், நாளை அங்கேயே பொறியியலாளராகவும் சட்டத்தரணிகளாகவும் மாநகர அலுவலராகவும் அமர்வர். கடிதம் எழுதுவோராகவும் அதனைப் பெறுவோராகவும் அவர்கள் இருக்கப்போகின்றனர். கடிதத்தை எழுதும்போது முதலில் அயலவரின் கதவைத் தட்டினோமா என்பதையும், அதனைப் பெறும்போது மணியின் கயிறு நமது கையில் உள்ளது என்பதையும் அவர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.